பதினான்கு முடிச்சும் ஒரு பிடரியும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (பள்ளிக்கூடம்தான் உன்னை விட்டது என்பான் என் தம்பி. அவன் ஐந்தாவது வரை போனவன், அந்தத் திமிர்.) கூலிக்கு ஒரு குழித்தறியில் உட்கார்ந்தவன் இருபத்திரண்டு தறிக்குச் சொந்தக்காரனாக எழுந்தேன். இரண்டு மாடிக்கு மேல் அஸ்திவாரம் தாங்காது என்று கொத்தனார் சொன்ன வீட்டில் மூன்றாவது மாடி கட்டினேன். அதில் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், இதுவரை கீழே வந்துவிடவில்லை. ஓரிக்கைப் பக்கம் முள்ளைத் தவிர எதுவும் முளைக்காது என்று எழுதிவைத்த நிலத்தில் தென்னை வைத்துக் காய் பறித்தேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது யாரால் என்று கேட்டுப் பாருங்கள். வேறு யார் பெயரையாவது சொன்னால் அவர் எதிர்க்கட்சி.

இவ்வளவும் செய்த என்னால் ஒரு காரியம் மட்டும் முடியவில்லை. மல்யுத்தத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கி, மனிதனைப் போல உட்கார்ந்து, கடைசிவரை பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவது.

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கும் காலம். எனக்கு மல்யுத்தப் பைத்தியம் முற்றியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க நான் பழகியதே சலூனில் கிடக்கும் பேப்பரில் குஸ்திச் செய்திகளைப் படிக்கத்தான். என்னென்ன பிடி உண்டு, எந்தப் பிடிக்கு எது மாற்று, எல்லாம் மனப்பாடம். வீட்டுத் தலையணை ஒவ்வொன்றையும் தோற்கடித்திருக்கிறேன். நேரில் ஒரு போட்டி பார்த்ததில்லை.

மெட்ராசுக்கு மூன்று முறை போனேன். முதல் முறை புளிச்சோறு கட்டிக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது கவுண்டர் பலகையைச் சாத்திவிட்டார்கள். இரண்டாம் முறை, டிக்கெட்டெல்லாம் முன்கூட்டியே ஒரு ரேடியோ கடையில் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். ரேடியோ கடைக்குப் போனால், கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். யாருடைய கடிதம் என்றேன். அதுகூடத் தெரியாதவனுக்கு டிக்கெட் எதற்கு என்பது போலப் பார்த்தார்கள். மூன்றாம் முறை கள்ள விலைக்கு ஒன்று வாங்கினேன். இரண்டு வாரம் நெய்த கூலி அது. வாசலில் இருந்தவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது போன வாரத்து டிக்கெட்டுப்பா" என்றார். உள்ளே கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. சுவரில் காதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். யாரோ யாரையோ தூக்கிப் போடும் சத்தம் கேட்டது. அதுதான் நான் அதுவரை நேரில் அனுபவித்த மல்யுத்தம்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. (மூன்றாம் நாள் கருவாட்டுக் குழம்பு, சாப்பிட்டேன்.)

அப்புறம் அந்தக் குஸ்திக் கோஷ்டியே எங்கள் ஊர் காஞ்சிபுரத்துக்கு வந்தது. இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கட்டட நிதி திரட்ட, அந்தப் பள்ளி மைதானத்திலேயே தகரம் அடைத்துப் போட்டி. நோட்டீசை நான் சத்தம் போட்டுப் படித்தேன்: 'முகம் காட்டாத மர்ம மலை, மோதும் பம்பாய்ப் புயல். மலை தோற்றால் மேடையிலேயே முகமூடி கழற்றப்படும்.' மர்ம மலை எந்த நாட்டுக்காரர், என்ன பாஷை என்று யாருக்கும் தெரியாதாம். வாயே திறக்கமாட்டாராம். அந்த முகத்தைப் பார்க்காவிட்டால் நான் பிறந்ததே வீண் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

டிக்கெட் கேட்கப் போனேன். ரிங்கை ஒட்டின சோபா எல்லாம் பட்டுக்கடைக்காரர்களுக்கும் ஆபீசர்களுக்கும் போய்விட்டது. நாற்காலியெல்லாம் அவர்களுடைய மச்சான்களுக்கு. தரை டிக்கெட்டும் மொத்தமாகக் கட்டுக்கட்டாக யார் கைக்கோ போய், வெளியே மூன்று மடங்கு விலைக்கு வந்தது. வாங்கினால் அந்த மாதம் வீட்டில் உலை வைக்க முடியாது.

என் மனைவி தனபாக்கியம் சொன்னாள்: "எங்க சித்தி வூடு மைதானத்தை ஒட்டித்தானே இருக்குது. மாடியில ஜமக்காளம் விரிச்சுக்கினு ஜோரா பாக்கலாம். நீங்களும் வாங்க."

நான் சொன்ன பதிலை இன்றைக்கு வரை செரிக்க முடியவில்லை. "மாடியில இருந்து பாக்கறவ வேடிக்கை பாக்கறவ. டிக்கெட்டோட பாக்கறவன்தான் ரசிகன்."

"சரி ரசிகரே," என்று உள்ளே போய்விட்டாள்.

போட்டி நாளன்று மத்தியானம் எங்கள் தெருவுக்கு ஒரு டெர்லின் சட்டைக்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். கோஷ்டியின் மேனேஜர். முகமூடிக்குப் பின்பக்கம் கோக்கும் நாடா அறுந்துவிட்டது, பலமான நூல் வேண்டும் என்றார்.

"நூலு தரேன். நானே வந்து கோத்தும் தரேன். ஒரு சோபா டிக்கெட் குடுங்க," என்றேன்.

"சோபா இல்லப்பா. ரிங்குக்குப் பக்கத்துல ஒரு பெஞ்சு போடச் சொல்றேன். சும்மா லேசா ஒரு முடி போட்டாப் போதும், இன்னா?"

பெஞ்சு என்ற சொல்லுக்கு அப்புறம் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். லேசாக முடிபோட நான் என்ன பொட்டலம் மடிக்கிறவனா?

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்குள் அழைத்துப் போனார். சின்னப் பிள்ளைகள் பெஞ்சில், சுவரைப் பார்த்துக்கொண்டு மர்ம மலை உட்கார்ந்திருந்தார். முகமூடி தலையில் தொளதொளவென்று இருந்தது. "பின்னாடியே நின்னு வேலையப் பாரு. முன்னாடி வராத," என்றார் மேனேஜர். பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரோடு சேர்ந்து பார்க்கப்போகிறோமே என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு யோக்கியன்.

முகமூடியில் பக்கத்துக்கு ஏழு துளை. முறுக்கின பட்டு இழைகளைச் சேர்த்துத் திரித்து, துளைக்கு ஒரு முடிச்சாகப் பதினான்கு முடிச்சு போட்டேன். தறியில் அறுந்த பாவு இழையை நாங்கள் முடிவோமே, அந்த முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். நூல் அறுந்தாலும் அறுமே தவிர முடிச்சு அவிழாது. அதோடு விட்டேனா? சேலையில் முடிச்சு தெரிந்தால் முதலாளி முகத்தில் எறிவார். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு முடிச்சின் நுனியையும் உள்ளே திணித்து, எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று எனக்கே தெரியாதபடி மறைத்துவிட்டு வந்தேன்.

பெஞ்சு கிடைத்தது. ரிங்குக்கு நாலு முழம். பக்கத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். மணி அடித்தது, மலையும் புயலும் மோதினார்கள். புயல் என்ன பிடி போட்டார், மலை எப்படி விழுந்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். எத்தனையோ வருடம் ஏங்கின போட்டியில் நான் பார்த்ததெல்லாம் மலையின் பிடரியில் இருந்த என் முடிச்சுகளைத்தான். "பாத்தீங்களா, அந்தக் குலுக்கு குலுக்கியும் ஒரு முடிச்சு அசையல. நான் போட்டது சார்," என்று குமாஸ்தாவிடம் நாலு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை சொல்வதற்குள் மலை தோற்றுவிட்டார்.

கூட்டம் எழுந்து நின்றது. புயல் முகமூடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். முகமூடி வரவில்லை, மலைதான் வந்தார். மறுபடி இழுத்தார். நடுவர் ஒரு பக்கம் பிடித்தார். இரண்டு பேரும் ரிங்கைச் சுற்றி மலையை இழுத்துக்கொண்டு போனார்கள். தரை டிக்கெட் பக்கமிருந்து குரல் வந்தது: "ஏமாத்துறாங்கப்பா. துட்டத் திருப்பிக் குடு." ஒரு செருப்பு பறந்து வந்தது. அதன் ஜோடியும் வந்தது.

மேனேஜர் மேடையில் ஏறி, "முடி போட்ட ஆளு எங்கப்பா?" என்று கத்தினார்.

நான் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்தேன். குமாஸ்தா என் சட்டையைப் பிடித்துத் தூக்கி, "இதோ, இவருதான். நாலு தடவ சொன்னாரு," என்றார்.

மேலே ஏற்றினார்கள். நகத்தால் நோண்டினேன். வேர்வையில் நனைந்து முடிச்செல்லாம் கல்லாகியிருந்தது. "கத்தரி குடுங்க," என்றேன். மேனேஜர் என் காதில் சொன்னார்: "முகமூடி மேல கத்தரி பட்டுச்சு, உன்ன அறுத்துடுவேன். நாளைக்கு வேலூர்ல இதே முகத்த முதல் தடவையா காட்டணும்."

எங்களுக்கு முடிச்சை இளக்க இன்னொரு வழிதான் உண்டு. பல். மலையை ரிங்கின் நடுவில் முக்காலியில் உட்காரவைத்து, நான் பின்னால் நின்று குனிந்து, அத்தனை பேர் முன்னால் அவர் பிடரியைக் கடித்தேன்.

"யோவ், கழுத்தத் தின்றாம்பா அவன்," என்றது ஒரு குரல்.

"தோத்தவனப் போட்டுக் கடிக்கிறியே, ஜெயிச்சவனக் கடி பாக்கலாம்," என்றது இன்னொன்று.

ஆறாவது முடிச்சில் முகமூடிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "மெதுவாண்ணா. தோலும் சேந்து வருது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நம்மூருப் பேச்சா இருக்குதே. நீ எந்த ஊருப்பா?"

"பேசாதண்ணா. மேனேஜர் பாக்கறாரு."

பதினோராவது முடிச்சில் என் முன்பல்லில் ஒரு துண்டு போனது. பதினான்காவது இளகியதும், அதுவரை சும்மா நின்ற புயல் முகமூடியை உருவி உயரத் தூக்கிக் காட்டினார். மைதானமே 'ஹோ' என்றது. தரை, நாற்காலி, சோபா, சுற்றியிருந்த மாடி, மரத்தில் தொங்கியவர்கள் எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்தார்கள். பின்னால், வாயில் பட்டு நூலோடு நின்ற ஒருவனைத் தவிர.

நான் முன்னால் ஓடினேன். இரண்டே எட்டு. அதற்குள் மேனேஜர் மலையின் தலையில் கம்பளியைப் போட்டு இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

குமாஸ்தாவை விசாரித்தேன். சாதாரண முகம்தான் என்றார். சாதாரணம் என்றால் எப்படி? யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் மீசை உண்டு என்றார், ஒருவர் இல்லை என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பிடரி. ஒட்ட வெட்டின முடி, இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம், என் பல் பட்ட தடம். கருட சேவைக்கு ஊரெல்லாம் முண்டியடித்துக்கொண்டு பெருமாளைப் பார்க்கும்போது, நான் முன்னால் நிற்பவர்களின் பிடரிகளைப் பார்த்துக்கொண்டு பல வருடம் நின்றிருக்கிறேன். இன்னும் அகப்படவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது தனபாக்கியம் எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தாள். மலை சித்தி வீட்டு மாடியைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தாராம்.

"எப்படி இருந்தாருடி?" என்றேன். பல் உடைந்த இடத்தில் காற்று வந்தது.

"நான் வேடிக்கை பாத்தவங்க. என் பேச்சை ரசிகர் கேக்கலாமா?" என்றாள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து இன்றுவரை அவள் சொல்லவில்லை. அறுபதாம் கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்துகொண்டு கெஞ்சிக் கேட்டேன். "டிக்கெட் இருக்குதா?" என்றாள். பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் தனியாகச் சொல்லியிருக்கிறாள். போட்டோ எடுக்கும்போது அந்தப் பிசாசுகள், "தாத்தா, நீங்க பின்னாடி நில்லுங்க. உங்களுக்கு அதுதான் பழக்கம்," என்கிறார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்திருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தின் விழா மலரை என் பெண் போன வாரம் படித்துக் காட்டினாள். 'நம் மைதானத்தில் மர்ம மலையின் முகமூடியைப் பம்பாய்ப் புயல் கழற்றினார்' என்று அச்சடித்திருக்கிறார்கள். புயல் கழற்றவில்லை. புயலும் நடுவரும் சேர்ந்து இழுத்துத் தோற்றார்கள். கழற்றியது நான். அடுத்த முறை அச்சடிக்கும்போது என் பெயரைப் போட்டு, 'பல்லால் கழற்றினார்' என்று திருத்த வேண்டும். சாட்சி வேண்டும் என்றால் விழாக்குழு மூன்றாவது மாடி ஏறி வரட்டும், வாயைத் திறந்து காட்டுகிறேன். வருகிறவர்களில் யாராவது அந்த முகத்தை நேரில் பார்த்திருந்தால், திருத்துவதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று என் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போகட்டும்.