வேம்பின் மூச்சை உறிஞ்சியவன்

ஒருவன் தன் கலியாணத்தைத் தானே குழப்பிக்கொள்ளலாம். அக்காவின் கலியாணத்தையும் சேர்த்துக் குழப்புவதற்குக் கொஞ்சம் படிப்பு வேண்டும். என்னிடம் அது இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் முடித்து அரியாலை வீட்டுக்கு வந்திருந்தேன். ஐயா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) எங்கள் இருவருக்கும் ஒரே வீட்டில் மாற்றுக் கலியாணம் பேசியிருந்தார்: அந்த வீட்டு மகள் எனக்கு, மகன் அக்காவுக்கு. ஒன்று முறிந்தால் மற்றதும் முறியும். அக்காவுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்கோ வேறு கவலை. உயிருள்ள மரத்தின் நடுவில் எவ்வளவு பிராணவாயு இருக்கும்? வளவின் பின்புறத்து வேம்பைத் துறப்பணத்தால் துளைத்து, ரப்பர்க் குழாயைச் செருகி, மெழுகால் அடைத்து, மறுமுனையைப் போத்தலுக்குள் விட்டேன். அதிலிருந்த கரைசல் பிராணவாயு பட்டால் கபில நிறமாகும். மரத்துக் காற்று தானாக வரவில்லை. மூடியில் இன்னொரு குழாயைப் பொருத்தி, குந்தியிருந்து வாயால் உறிஞ்சினேன். (இடுப்பில் கட்டிய சாரம் மட்டும். விஞ்ஞானிக்குச் சட்டை எதற்கு?)

பெண் வீட்டார் முறையாக வருமுன் மாப்பிள்ளையை மறைவாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். கிடுகு வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பெண்ணின் தகப்பன். கள்ளுக்கொட்டில் இருக்கும் ஒழுங்கையாலேயே நடக்காத மனிதர். பக்கத்தில் தரகர்.

"தம்பி, என்ன உறிஞ்சுறீர்?"

"மரத்தின்ரை மூச்சு, ஐயா."

"மூச்சு உந்த நிறமோ?"

"ஓம் ஐயா, நல்லாக் கறுத்து வருகுது!" உற்சாகத்தில் போத்தலை வேலிக்கு மேலால் நீட்டினேன். "வேணுமெண்டால் மூக்கிலை வைச்சு மணந்து பாருங்கோ!"

அவர் தரகரைத் திரும்பிப் பார்த்தார். "படிச்ச பெடியன் எண்டீர். கசிப்புச் சாராயம் வடிக்கப் படிச்சவன் எண்டு சொல்லேல்லையே காணும்!"

எங்கள் ஐயா ஓடிவந்து, நான் கோப்பியைத் தவிர எதையும் தொடாதவன் என்று கத்தினார். கேட்பதற்கு ஒழுங்கையில் ஆள் இல்லை. மறுநாள் தரகர் இரண்டு சாதகங்களையும் திருப்பித் தந்தார்.

அக்கா தன்னுடையதை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "அப்ப, மரத்துக்குள்ளை எவ்வளவு கிடந்ததாம்?"

மெழுகு வெடித்திருந்தது. நான் உறிஞ்சியதெல்லாம் வெறும் அரியாலைக் காற்று.

அக்கா காங்கேசன்துறையில் வாழ்க்கைப்பட்டபோது நாலு ஆண்டுகள் போயிருந்தன. அவள் அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

சென்ற மாதம் அவளுடைய பேத்தியைப் பெண்பார்க்க வந்தார்கள். விடியற்காலையிலேயே அக்கா சந்தைப் பையை என் கையில் திணித்து, கேற்றுக்கு வெளியே தள்ளிவிட்டாள்.

"அவை போனாப்பிறகு வா. வழியிலை மரம் ஒண்டையும் தொடாதை."