கக்கூஸ் குழியில் கிடைத்த கோயில் மணி

மதிப்பிற்குரிய அண்ணன் பந்தெலிமோன் அவர்களுக்கு,

பிரேவெனி கிராமத்திலிருந்து தம்பி ஸ்பிரிதோன் வணங்கி எழுதுவது. நானும் தோம்னிகாவும் மகள் வர்வாராவும் பசுமாடும் நலம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

"தோல்மாத்சிக்காரன் திருடின மணி திரும்பி வராமல், அந்த ஊர்ப் பையனோடு நடக்கும் கல்யாணத்தில் நான் ஞானத்தகப்பனாக நின்று மணமக்கள் தலைக்கு மேலே கிரீடம் பிடிக்க மாட்டேன்" என்று தாங்கள் எழுதியதிலிருந்து வர்வாரா சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணா, மணி கிடைத்துவிட்டது. எனக்கு இப்போதுதான் மூச்சே வருகிறது.

நம் ஊர்ச் சரித்திரம் தாங்கள் அறியாததா? நாம் இருந்த இடத்திலேயே இருந்தோம், ராஜா போய் ருஷ்யன் வந்தான், அப்புறம் ஜெர்மன்காரன், மறுபடி ருஷ்யன். எந்தப் படை வந்தாலும் கோயில் மணியையும் மதுப் பீப்பாயையும் புதைத்து வைப்பது நம் வழக்கம். பீப்பாய் புதைச்ச இடம் ஒருத்தனுக்கும் மறக்கலை. மணியைப் புதைச்ச ரெண்டு பேரையும் சைபீரியாவுக்கு ஏத்திட்டாங்க, நாம குத்துமதிப்பா ஒரு இடத்தைத் தோண்டினோம், காணோம், உடனே பக்கத்து ஊர் தோல்மாத்சிக்காரன் தூக்கிட்டான்னு முடிவு கட்டினோம். அன்னைக்கிலிருந்து அவங்களுக்குப் பொண்ணு கொடுக்கிறதுமில்லை, எடுக்கிறதுமில்லை; நம்ம வர்வாரா கல்யாணம்தான் முதல் தடவை.

போன வாரம் சம்பந்தி வீட்டார் வந்தால் வசதியாக இருக்கட்டுமே என்று கோயில் சுவரை ஒட்டின நம்ம கொல்லையில் கக்கூஸுக்குக் குழி வெட்டினேன். டங்குன்னு ஒரு சத்தம். யுத்தகாலத்துக் குண்டுதான்னு நினைச்சு அப்படியே குப்புறப் படுத்துட்டேன். தோம்னிகா வந்து எட்டிப் பார்த்தா. "எந்திரிங்க. குண்டுல எவனாச்சும் சிலுவை செதுக்குவானா?"ன்னு கேட்டா. பாதிரியார் ஓடிவந்து மணியைக் கட்டிப்பிடிச்சு அழுதார், அங்கி முழுக்கச் சேறு.

ஊரே திரண்டு போய்ச் சம்பந்தி ஹரலாம்பியிடம் மன்னிப்புக் கேட்டோம். "எங்கப்பாவைச் சாகிற வரைக்கும் திருடன்னீங்க. கடைசியில உங்க கக்கூஸ் குழியிலயே கிடந்திருக்கு, இல்ல?" என்றார். தலை நிமிரவே முடியலை. அப்புறம் அவரே சிரிச்சு, எல்லாருக்கும் மது ஊத்தினார். கல்யாணத்தன்று மணியைத் தன் கையால் அடிக்க வேண்டும், அது ஒன்றுதான் கேட்டார். சந்தோஷமாகச் சம்மதித்தோம். ஆகவே தாங்கள் தயங்காமல் வந்து கிரீடம் பிடித்து எங்கள் மனக்குறை தீர்க்க வேண்டும்.

கடவுள் தங்கள் இருவருக்கும் நல்ல பசியும் நல்ல தூக்கமும் தரட்டும்.

அன்புத் தம்பி,
ஸ்பிரிதோன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் தோம்னிகா மணியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். சிலுவைக்குக் கீழே எழுத்து இருக்கிறது: "தோல்மாத்சி ஊரார் தங்கள் கோயிலுக்குச் செய்து வைத்தது." நம்ம பெரியவங்க எந்தக் காலத்துல தூக்கிட்டு வந்தாங்களோ தெரியலை. எனக்கும் தோம்னிகாவுக்கும் பாதிரியாருக்கும் மட்டும்தான் தெரியும், இப்ப உங்களுக்கும். வரும்போது அண்ணியிடம் உள்ள பூவேலைத் துண்டு அத்தனையும் கொண்டு வாங்க, கல்யாண அலங்காரம்னு சொல்லி மணியைச் சுத்திக் கட்டிடலாம். சத்தம் அமுங்கினா அமுங்கட்டும். சம்பந்திக்குப் படிக்கத் தெரியும்.