ஐந்து சரிகளும் ஒரு காக்கிச் சட்டையும்

உடன்பிறப்புகளில் இளையவளும் தொல்லைகளில் மூத்தவளுமான என் அருமைத் தங்கைக்கு,

உன் அண்ணன் அண்டம் கொள்ளாத ஆசிகளோடு எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் இத்தனை வருஷமாக என் வழக்கம். இனி அது நடக்காது. 'நலம்' என்பது அளந்து பார்த்த சங்கதி இல்லையாம், உன் மகள் சொல்லிவிட்டாள். ஆகவே: நாடி எழுபத்திரண்டு. ரத்த அழுத்தம் நூற்று முப்பதுக்கு எண்பத்து நான்கு. மூச்சு நிமிஷத்துக்குப் பதினாறு. உன் அண்ணியின் கோபம் வழக்கமான அளவு; அதை அளக்கும் கருவியை உலகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. உன் நலத்தையும் இதே முறையில் எழுதி அனுப்பவும்.

இப்போது காலை ஏழு மணி. பத்து மணிக்கு உன் மகள், நம் கடுகுக்கு, நர்சிங் படிப்பின் மருந்தியல் தேர்வு முடிவு வருகிறது. வருவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் வந்த பிறகு ஆளாளுக்குப் புகழைப் பங்கு போட வந்துவிடுவார்கள். அவள் பாஸ். அதற்குக் காரணம் நான். இதை நீ கண்ணாடி போட்டுச் சட்டத்துக்குள் மாட்டி வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ போனில் சொன்னது நினைவிருக்கிறதா? "அண்ணே, ஹாஸ்டல்ல ஒரே சத்தமாம், பிள்ளையால படிக்கவே முடியல. உங்க வீட்லதான் அமைதி. போன தடவை நாலு மார்க்குல போச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா ஒரு வருஷம் ஜூனியருங்களோட உக்காரணும், கூடப் படிச்சதுங்க எல்லாம் வார்டுக்குப் போயிடும்." உன் குரல் தழுதழுத்தது. நான் உடனே, "அனுப்பு, நான் பாத்துக்கறேன்" என்றேன். பேருந்துப் பணிமனையில் முப்பத்திரண்டு வருஷம் நேரக்காப்பாளராக இருந்து நானூறு ஓட்டுநர்களை விசிலால் கட்டி மேய்த்தவனுக்கு ஒரு மருந்துப் புத்தகம் எம்மாத்திரம்?

புத்தகம் வந்தது. நானும் பக்கத்து வீட்டுத் தையல்காரரும் ஆளுக்கொரு முனை பிடித்து இறக்கினோம். மேசைமேல் வைத்ததும் மேசை ஒரு பெருமூச்சு விட்டது. எல்லாம் மருந்துப் பேர். 'லால்' என்று முடிந்தால் நெஞ்சுத் துடிப்பை மெதுவாக்கும், 'ப்ரில்' என்று முடிந்தால் அழுத்தத்தைக் குறைத்துவிட்டு இருமலைக் கொடுக்கும் என்று ஒவ்வொரு வாலாகப் பிடித்து அவள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் வால்களெல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. "மாமா, எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு மாமா" என்று புத்தகத்தின் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். நான் எழுந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"இதெல்லாம் பஸ் விஷயம்டி, எந்திரி" என்றேன்.

நீயும் கேட்டுக்கொள், உனக்கும் அறிவு வளரட்டும். உடம்புக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட் இருக்கிறது. துடிப்பை வேகமாக்கும் ஆசாமி வந்து அதில் உட்கார்ந்தால் நெஞ்சு ஓடும். இந்த 'லால்' மருந்து என்ன செய்கிறது? அவனுக்கு முன்னால் ஏறி, சீட்டில் துண்டைப் போட்டுவிடுகிறது. அவ்வளவுதான். ஆசாமி நின்றுகொண்டே வரவேண்டியதுதான். அடுத்து, அரை ஆயுள், அதாவது உடம்பிலுள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ்ஸில் இருப்பவர்களில் பாதிப் பேர் இறங்குகிறார்கள். நாற்பது இருபதாகி, இருபது பத்தாகி, கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிறது. வாயால் விழுங்குகிற மருந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறதாமே, அங்கே பாதி காணாமல் போகிறதாமே, அதற்கு உதாரணம் தேட நான் சமையலறைப் பக்கம் பார்த்தாலே போதும். நான் வாங்கி வரும் பிஸ்கட் பொட்டலம் எதுவும் உன் அண்ணியைக் கடக்காமல் எனக்கு வந்ததில்லை. "கல்லீரல் யாரு?" என்று கேட்டேன். "அத்தை!" என்றாள் கடுகு. உள்ளேயிருந்து கரண்டி விழும் சத்தம் கேட்டது. விழவில்லை, எறியப்பட்டது.

அன்றிலிருந்து பிள்ளைக்குப் பிடி கிடைத்துவிட்டது. நான் வாயை அத்தோடு மூடியிருக்கலாம். "இனிமே நான்தான் உன் நோயாளி, என்மேலே பழகிக்கோ" என்று சொல்லித்தொலைத்தேன்.

தங்கச்சி, மருந்து கொடுப்பதில் ஐந்து சரிகள் உண்டாம். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். மறுநாள் காலை காபி டம்ளரோடு வந்து நின்றாள்.

"உங்க பேரச் சொல்லுங்க."

"உன் மாமன்டி! தொட்டில்ல உன்னை ஆட்டினவன்!"

"பேரு. பிறந்த தேதி."

"ஆறிப்போகுது கடுகு..."

"ஆளைச் சரிபாக்காம குடுத்தா எனக்கு ஜீரோ மாமா."

சொன்னேன். டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி டம்ளரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்று டம்ளரோடு திரும்பிப் போனாள்! ஒரு நிமிஷம் முன்னால் கிளப்பிய ஓட்டுநர்களுக்கெல்லாம் நான் மெமோ கொடுத்த பாவம், காபி ரூபத்தில் வந்தது. அதோடு விட்டதா? ஆபத்தான மருந்தென்றால் இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் காபிக்குச் சர்க்கரை ஆபத்தான மருந்து என்று தீர்மானமாகி, இரண்டாவது ஆளாக உன் அண்ணி நியமனமானாள். முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

இனி வருவது கொஞ்சம் நுட்பமான பகுதி. உட்கார்ந்து படி.

ஒரு செவ்வாய்க்கிழமை நாடி பார்க்கப் பழகினாள். 'லால்' மருந்து கொடுக்குமுன் ஒரு நிமிஷம் முழுசாக நாடி எண்ண வேண்டும், அறுபதுக்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும், இதுதான் பாடம். எனக்கும் அந்த மாத்திரைதான், உனக்குத் தெரியும். என் மணிக்கட்டைப் பிடித்தாள். எண்ணினாள். புருவம் சுருங்கியது. மறுபடி எண்ணினாள்.

"நூத்தி நாலு."

"சிங்கம்டி உன் மாமன். அது அப்படித்தான் துடிக்கும்."

"மாமா, சீட்ல துண்டு போட்டிருந்தா நூத்தி நாலு வராது. மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேனே."

"அத்தை முன்னாடி வாயில போட்டீங்க. முழுங்கினீங்களா?"

நான் கூரையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, எழுந்து அறைக்குள் போனாள். அலமாரியைத் திறக்கும் சத்தம். மாத்திரை வாயில் விழுந்ததும் நான் தினமும் அந்தப் பக்கம் போவதைக் கவனித்திருக்கிறாள் போலும், என் பழைய காக்கிச் சட்டையோடு வந்தாள். பையைக் கவிழ்த்தாள். என் விசிலும் அதன் பின்னால் நாற்பத்தொரு மாத்திரையும் மேசையில் உருண்டன. முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்திருக்கிறார்கள் முன்னோர்கள். எனக்கு ஒரு சட்டைப் பை போதவில்லை.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்திரைன்னு..." என்று ஆரம்பித்தேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். முகம் வெளுத்து, மெதுவாகச் சொன்னாள்: "இந்த மாத்திரைய திடீர்னு நிறுத்தவே கூடாது மாமா. துண்டை ஒரேயடியா எடுத்தா நிக்கிறவங்க எல்லாரும் பாஞ்சு உக்காருவாங்க. நெஞ்சு தாங்காது." நான் சொன்ன பஸ்ஸை எனக்கே ஓட்டிக் காட்டினாள். தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கையில், புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு நாள் பூராவும் என்னோடு டாக்டரின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்னைத் திட்டிய திட்டில் சுவரிலிருந்த உடற்கூறுப் படம் காதைப் பொத்திக்கொண்டது. புது அளவில் மறுபடி ஆரம்பித்தார்.

இதையெல்லாம் கேட்டு நீ பதற வேண்டாம். இது அத்தனையும் நான் திட்டமிட்டுச் செய்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதால், பிள்ளைக்கு ஒரு நிஜ நோயாளி வேண்டுமென்று, என் சொந்த நெஞ்சையே தியாகம் செய்து பாடமாக வைத்தேன். தேர்வில் பத்து மார்க் கேள்வி கட்டாயம் 'லால்' மருந்துதான் வந்திருக்கும். அவளிடம் கேட்டேன், சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு வேறு பொருளே கிடையாது.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. நீயும் உன் முழங்காலும் நீடூழி வாழ்க. உன் வீட்டுக் குழாய் ஒழுகாமல், பால் பொங்கி வழியாமல், லிஃப்ட் பாதியில் நிற்காமல், சகல சௌபாக்கியங்களும் பெருகுவதாக.

இப்படிக்கு,
மருந்தியல் மேதை, உன் அண்ணன்

பி.கு.: மணி பத்தரை. பாஸ்! அறுபத்தெட்டு! கடுகு குதித்த குதியில் தையல்காரர் ஊசியைக் கையில் குத்திக்கொண்டு ஓடி வந்தார். கடிதத்தை ஒட்டப் போனேன், விடவில்லை. இரண்டாவது ஆள் சரிபார்க்காமல் இந்த வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாதாம். தலைமேல் நின்றுகொண்டு திருத்தம் எழுதச் சொல்கிறாள், எழுதுகிறேன். தேர்வில் 'லால்' பற்றி ஒரு வரிகூட வரவில்லை. வந்ததெல்லாம் இன்சுலின், அது அவளே படித்தது. நான் எதையும் திட்டமிடவில்லை. மாத்திரை தொண்டையில் கசந்தது, அவ்வளவுதான். மூன்றாவது திருத்தத்தை அவள் சொன்னபோது என் பேனா நின்றுவிட்டது. ஹாஸ்டலில் சத்தமே கிடையாதாமே? படிப்பு விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போய், ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியாமே? "அண்ணன் குரல் படபடன்னு இருக்கு, மாத்திரை போடற மாதிரி தெரியல, போய்ப் பாரு" என்று அனுப்பியது நீதானாமே? என் வீட்டில் என் சத்தத்துக்கு நடுவில் படித்துவிட்டு அறுபத்தெட்டு வாங்கியிருக்கிறாள், கள்ளி. தழுதழுத்த குரலாம் உனக்கு! ஆக, மேலே எழுதிய அத்தனையும் உனக்கு முன்பே தெரியும். தபால் தலையாவது மிஞ்சட்டும் என்று கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டுமாம். திங்களன்று அவள் வார்டுக்குப் போகிறாள். அதற்குப் பிறகு தினமும் காலை எட்டுக்கு, போனில் என் பேரும் பிறந்த தேதியும் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாளாம். ஒரு நிமிஷம் தாமதமானாலும் எடுத்து ஊதுவதற்கு என் விசிலையும் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.