கஞ்சி டீச்சரின் சைக்கிள் கொட்டகை

மலாய் நாட்டில், காஜா பேராங்கில் இருந்த எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கஞ்சி டீச்சரைப் போல ஒரு பிடிவாதக்காரி அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் வரவில்லை. அவர் கட்டியிருக்கும் புடவைகூட அவர் நினைத்த இடத்தில்தான் மடியும்.

தையல், சமையல், சலவை மூன்றும் அவருடைய பாடங்கள். அவர் கைக்குச் சிக்கிய எந்தத் துணியும் கஞ்சி குடிக்காமல் தப்பியதில்லை. புடவை, கைக்குட்டை, பை எல்லாம் மொடமொடவென்று நிற்கும். அவர் மூன்று வகுப்பு தள்ளி வரும்போதே அந்தச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு தடவை ஆசிரியர் அறைச் சன்னலின் திரையை எடுத்துப் போய்க் கஞ்சி போட்டுக் கொண்டுவந்து மாட்டினார். அதன்பிறகு காற்றடித்தால் சன்னல் ஆடும், திரை ஆடாது. மேசைவிரிப்பின் முனை குத்தித் தலைமையாசிரியையின் காலுறை கிழிந்த கதையும் உண்டு. அந்த அம்மாள் ஊஜோங் பாசிரிலிருந்து வரும், ஐரோப்பியக் கலப்பு வம்சத்து யுரேஷியப் பெண்மணி, நல்லவர். காலுறையை மாற்றிக்கொண்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சி டீச்சரிடம் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. படிப்பை முடித்த கையோடு தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். எனக்குக் கொடுத்தது இரண்டாம் பாரத்தின் கடைசிப் பிரிவுக்குக் கணக்கு. அதில் ஐந்து பெண்களுக்கு எழுத்தும் ஏறவில்லை, எண்ணும் ஏறவில்லை. வயதை வைத்து வகுப்பு மாற்றி மாற்றி எட்டாம் வகுப்புக்குச் சமமான அந்த இரண்டாம் பாரம் வரை தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். இன்றைக்கு அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு இருக்கிறது, தொழிற்பயிற்சி இருக்கிறது, அதற்கென்று படித்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு இருந்தது 'மண்டு' என்ற ஒரு சொல்தான். நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஐவரில் மூத்தவள் பாக்கியம், பதினைந்து வயது. ரோட்டு வேலைக்காரரின் மகள். பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பாள். ஒரு மாதம் முயன்றுவிட்டு நான் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற நேரம் அது. தலைமையாசிரியை ஆசிரியர் கூட்டத்தில் பேசினார். புதிய நாட்டுக்குக் குமாஸ்தாக்கள் வேண்டும், தாதிகள் வேண்டும், ஆசிரியைகள் வேண்டும்; படிக்க வரும் பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை; ஆகவே அந்த ஐந்து பெண்களையும் ஆண்டு முடிவில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

கஞ்சி டீச்சர் எழுந்தார். எழுந்தது எல்லாருக்கும் கேட்டது. அவர் கேட்டது இங்கிலீஷில். தமிழில் இப்படி வரும்:

"குமாஸ்தாவுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை வேணும். அத யாரு துவைச்சுக் கொடுப்பா? துவைச்சுக் கொடுக்கிறவங்களும் இந்த நாட்டு ஆளுங்கதானே? எனக்கு ஒரு வருஷம் கொடுங்க. பின்னால இருக்கிற சைக்கிள் கொட்டகையையும் கொடுங்க."

வருஷமும் கிடைத்தது, கொட்டகையும் கிடைத்தது. சைக்கிள்கள் மழையில் நனைந்தன.

பாதி நேரம் அந்தப் பெண்கள் கொட்டகையில் இருப்பார்கள் என்பதால் என்னையும் அங்கே வரச் சொன்னார்.

"கணக்கு நோட்டு எங்க வைக்கட்டும் டீச்சர்?" என்று கேட்டேன்.

"அடுப்புல வை தங்கச்சி. தண்ணி கொதிக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். நிஜமாகவே வாங்கி வைத்துவிட்டார்.

ஆசிரியர்கள் எல்லாருடைய அழுக்குத் துணியையும் வாங்கி வந்தார். ஒவ்வொருவர் துணியின் மூலையிலும் ஒரு நிற நூலால் ஒரு தையல். தலைமையாசிரியைக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை. பெயரை வாசிக்கத் தெரியாத பெண்கள் நூலை வாசித்தார்கள். அவர்களில் ஒருத்தி, பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய தமிழ் வணிகர் வழியினர் வாழும் செட்டி கம்பம் என்ற கிராமத்துப் பெண். வீட்டில் பேசுவது மலாய்தான், தமிழ் வராது. நூலுக்கு அதுவும் தேவைப்படவில்லை. எண்ணுவதற்குத் துணி மாட்டும் கவ்விகள். பத்துச் சேர்ந்தால் ஒரு கட்டு, கட்டுக்கு ஒரு கவ்வி. பாக்கியம் ஒருநாள் நான்கு கவ்வியையும் மூன்று கைக்குட்டையையும் காட்டி, "இவ்ளோ இருக்கு டீச்சர்" என்றாள். நாற்பத்து மூன்று என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்று குறைந்தால் தெரிந்தது. கணக்கு வாத்தியார் நான்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

இரண்டு மாதத்தில் பாக்கியத்தின் அப்பா வந்தார். தார் காயாத கால்சட்டையோடு கொட்டகை வாசலில் நின்றார்.

"பொண்ண படிக்க அனுப்பிச்சேன் டீச்சர். நீங்க ஊரு துணிய துவைக்க வெச்சிருக்கீங்க. நாளைக்கு எவன் கட்டுவான் இவள?"

"உள்ள வந்து பாருங்கண்ணே. பாத்துட்டுத் திட்டுங்க."

அவர் உள்ளே வந்தார். பாக்கியம் துணியைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மற்றொரு பெண் ஒரு ரவிக்கையைத் தூக்கி, "பாக்கியம், இது யாருது?" என்று கேட்டாள். பாக்கியம் மூலையைத் தடவிப் பார்த்து, "பாட்டு டீச்சருது, அங்க வை" என்றாள். சிறிது நேரத்தில் இன்னொருத்தியும் கேட்டாள். அதற்கும் பதில் சொன்னாள்.

அப்பா அந்தப் பெண்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "எம்மககிட்ட ஒருத்தி கேட்டுத் தெரிஞ்சுக்கிறா" என்று மெதுவாகச் சொன்னார். யாரையும் திட்டாமல் போய்விட்டார்.

ஆண்டுக் கடைசியில் டீச்சர் பண்டார் ஹிலிரில் ஒரு சலவைக் கடையைப் பிடித்தார். நடத்தியவர்கள் ஒரு சீனத் தம்பதி. ஹோட்டல் துணியும் பெரிய வீட்டுத் துணியும் அங்கே வரும். தவுக்கே என்று நாங்கள் சொல்லும் முதலாளியின் மனைவிதான் அங்கே எல்லாம். ஒரு மாதம் பார்க்கிறேன் என்று பாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அந்த அம்மாள் பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். கையில் ஒரு குளியல் துவாலை. தலைமையாசிரியை என்னையும் கஞ்சி டீச்சரையும் வரவழைத்ததும் அதை அவர் மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பதைவிட நிறுத்தினார் என்பதே சரி. யாரும் பிடிக்காமல் அது நின்றது.

"துவாலா மாச்சாம் காயு" என்றார். துவாலை மரக்கட்டை மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். ஹோட்டலில் தங்கியிருந்த தோட்டத்துரை அதில் முதுகைத் துடைத்துச் சிராய்த்துக்கொண்டாராம். துவாலை, தலையணை உறை, கைக்குழந்தையின் இடுப்புத் துணி, எதையும் பாக்கியம் விடவில்லை. அத்தனைக்கும் கஞ்சி.

தலைமையாசிரியை எங்களைப் பார்த்தார். அது போதுமாக இருந்தது.

வாசலோரம் நின்ற பாக்கியம் தரையைப் பார்த்தபடி, "டீச்சர் சொன்ன மாதிரிதான் செஞ்சேன்" என்றாள். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் கடைக்கும் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

கஞ்சி டீச்சர் கொட்டகையில் ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"அவ சொன்னது சரிதான் தங்கச்சி. எதுக்கெல்லாம் கஞ்சி போடணும்னு ஒரு வருஷமா சொன்னேன். எதுக்கெல்லாம் போடக்கூடாதுன்னு ஒரு நாகூட சொல்லல. எனக்கே தெரியாது, அதான்."

மூன்றாம் நாள் பள்ளிக்கூடமே குழம்பிப் போனது. சத்தம் போட்டுக்கொண்டிருந்த வகுப்புகளில் எல்லாம் கஞ்சி டீச்சர் திடீர் திடீரென்று வந்து நின்றார். எட்டுப் பிள்ளைகள் கையும் களவுமாகப் பிடிபட்டார்கள். அவர் வருவது யாருக்கும் கேட்கவில்லை. புடவையில் கஞ்சி இல்லை. துவண்ட பருத்திப் புடவையில் அவர் ஒரு சுற்று இளைத்து, யாரோ ஒரு வீட்டு அம்மா மாதிரி இருந்தார்.

அன்று மாலை இருவரும் பாக்கியத்தின் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த அவள் அப்பாவுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

"நாந்தாண்ணே. பாக்கியம் இருக்கா?"

பாக்கியம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"தப்பு உன்னோடது இல்ல பாக்கியம். என்னோடது. நான் சரியா சொல்லிக் கொடுக்கல."

ஒரு ஆசிரியை அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பாக்கியமும் கேட்டிருக்கமாட்டாள். திரும்பிப் பார்த்தாள்.

டீச்சர் பையிலிருந்து இரண்டு துவாலைகளை எடுத்தார். விறைப்பாக இருந்ததை அவள் கன்னத்தில் வைத்தார். அவள் முகத்தைச் சுளித்தாள். மெத்தென்று இருந்ததை வைத்தார். அவள் அதைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"உடம்புல படுறதுக்கு வேணாம். கண்ணுக்கு மட்டும் தெரியிறதுக்குப் போடு. மேசைவிரிப்பு?"

"போடலாம்."

"தலகாணி உறை?"

பாக்கியம் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "மொகம் படும். வேணாம்."

"புள்ளத் துணி?"

"வேணவே வேணாம்."

"அவ்ளோதான்."

பாக்கியம் கொஞ்சம் யோசித்தாள். "டீச்சர் பொடவை?"

டீச்சர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "அது என் பாடு. நீ உன் வேலையப் பாரு" என்றார்.

மறுநாள் சலவைக் கடைக்குப் போய், பள்ளி விடுமுறை முழுவதும் தானும் பாக்கியத்தோடு வேலை செய்வதாகவும், இன்னொரு துணி கெட்டால் இரண்டு பேரையும் அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார். அந்த அம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. சரி என்றுவிட்டார்.

அந்த விடுமுறையில் கஞ்சி டீச்சர் கரி இஸ்திரிப் பெட்டி பிடித்துத் தேய்த்ததை நகரமே பார்த்தது. ஜாலான் பெண்டஹாரா தெருவிலிருந்து எங்கள் மாணவி ஒருத்தியின் அம்மா மூட்டையோடு வந்தார்.

"டீச்சர், நீங்களா இங்க?"

"ஆமாம்மா. மூட்டைய வைங்க. வெள்ளி மத்தியானம் வாங்க."

அந்தப் பேச்சு ஊருக்குள் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும். வேலை போய்விட்டதாம், புத்தி பேதலித்துவிட்டதாம் என்று என் காதுக்கே வந்தது. அவரிடம் சொன்னேன். "அப்படியா" என்றுவிட்டு இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டார்.

விடுமுறை முடியும் வாரம் தவுக்கேயின் மனைவி தீர்ப்புச் சொன்னார். மலாயில் சொன்னதன் சாரம் இது: "அந்தப் பொண்ணு இருக்கட்டும். நீ போ. நீ இருந்தா இங்க யாரு முதலாளின்னு எனக்கே தெரியல."

பாக்கியம் இருந்தாள். மூலையில் நிற நூல் தைக்கும் பழக்கம் அந்தக் கடைக்கும் வந்தது. மற்ற நால்வரில் ஒருத்தி மருத்துவமனைச் சலவையில் சேர்ந்தாள், ஒருத்தி தையல் கடையில் பொத்தான் தைத்தாள், ஒருத்திக்குக் கல்யாணம் ஆனது. நான்காமவள் எங்கேயும் நிலைக்கவில்லை. டீச்சர் அவளுக்காக ஏறி இறங்கிய கடைகள் ஏராளம். அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. தலைமையாசிரியை கொட்டகையைத் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அதற்கு ஒரு சுவர் கட்டிக் கொடுத்தார்.

சுதந்திரம் வந்தது. அதற்கடுத்த ஆண்டு கஞ்சி டீச்சரை மூவார் என்ற வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

அவர் கிளம்பிய காலையில் பேருந்து நிலையத்துக்குப் போனேன். எனக்கு முன்பே பாக்கியம் வந்து நின்றிருந்தாள்.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "வேலை நேரத்துல இங்க என்னா பண்ற?"

"லீவு கேட்டேன் டீச்சர். நானே கேட்டேன். பன்னெண்டு மணி வரைக்கும் குடுத்தாங்க."

டீச்சர் அவளையே பார்த்தார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ லீவு கேட்டியா தங்கச்சி?"

நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் இரண்டாம் பாரத்துக்குக் கணக்கு. முப்பது பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டேன் டீச்சர்" என்றேன். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். பேருந்து கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் கழித்துத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.