பெண் வீட்டாருக்குக் கொடுத்த புது விலாசம்

கொள்கைக்காக ஒருவன் எதை வேண்டுமானாலும் துறக்கலாம். கலியாணப் பேச்சு நடக்கும்போது மட்டும் துறக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, எல்லாம் தெரியும்.)

2018 கோடை. இத்தாலியின் பலெர்மோவில், மொண்டெல்லோ கடற்கரை உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த தவிதே, வுச்சீரியாச் சந்தைப் பக்கம் இருந்த தன் அறைக்குள்ளேயே, சமூக வலைத்தளம் ஒன்றை நடத்த ஒரு சர்வர் கணினி வைத்திருந்தான். பெரிய கொம்பனிகளின் தளங்களில் நாங்கள்தான் விற்பனைச் சரக்கு, அதை விட்டுவிட்டு யாருக்கும் சொந்தமில்லாத திறந்த வலைக்கு வா என்று நச்சரித்தான். எனக்கும் உருவேறிவிட்டது. படங்களோடு என் பழைய சமூக வலைத்தளக் கணக்கை அடியோடு அழித்துவிட்டு, அவனுடைய சர்வரில் குடியேறினேன். உலகத்தையே விடுவித்துவிட்ட மிதப்பு.

ஒரு கிழமை கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அழைத்தார். எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண் சுபாங்கியின் வீட்டார் என் கணக்கைத் தேடினால் காணவில்லையாம். மாப்பிள்ளை எதை மறைக்கிறார் என்று தகப்பன் கேட்கிறாராம். அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. கதைத்தது கொஞ்சம்தான்; ஆனால் நான் சொன்ன பகிடிக்குச் சிரிக்காமல், அதைவிட நல்ல பகிடி ஒன்றைத் திருப்பிச் சொன்னவள். உடனே தகப்பனுக்குப் புது விலாசத்தை அனுப்பினேன். மறைக்க ஒன்றுமில்லை, எல்லாம் திறந்தே இருக்கிறது என்று ஒரு வரியும் சேர்த்தேன். (அந்த வரியை எழுதிய விரலை வெட்டியிருக்கலாம்.)

புது இடத்துக்குக் குடிபோனால் அக்கம்பக்கத்து விசேஷம் எல்லாவற்றுக்கும் தலைகாட்டுவது நம் வழக்கமல்லவா? நானும் அந்தச் சர்வரில் யார் எதைப் போட்டாலும், வாசிக்காமல், படத்தைக்கூடத் திறக்காமல், கீழே இருந்த அம்புக்குறியை அழுத்தி வந்தேன். பாராட்டு என்று நினைத்தேன். அழுத்தியதெல்லாம் என் பக்கத்திலேயே வந்து குந்திக்கொள்ளும் என்பது அம்மாவின் அடுத்த அழைப்பில்தான் தெரிந்தது.

"தம்பி, உன்ரை பக்கத்திலை கொஞ்சப் பேர் உடுப்பில்லாமல் நிக்கினமாம்," என்றார்.

திறந்து பார்த்தேன். கடற்கரை எல்லாருக்கும் சொந்தம் என்று சொல்லி, தவிதேயின் தோழர்கள் மொண்டெல்லோவில் பிறந்த மேனியாக நடத்திய போராட்டம். பதாகையை இடுப்பளவில் பிடித்திருக்கலாம். பாவிகள், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள். அந்தப் படத்துக்கு மேலே, பகிர்ந்தவர் என்று தமிழில் என் முழுப்பெயர், அப்பாவின் பெயரோடு சேர்த்து. இதைச் சுபாங்கியின் தகப்பன், தாய், இரண்டு சித்தப்பாமார், பொருத்தம் பார்க்க வந்திருந்த ஐயர் எல்லாரும் கூடியிருந்து பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கு எத்தனை கோப்பை உடைத்தேன் என்று முதலாளிக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் சுபாங்கியே அழைத்தாள்.

"அப்பா வேண்டாம் எண்டிட்டார்," என்றாள். "நான்தான் சொன்னன், கள்ளன் எண்டால் தானே விலாசத்தை எழுதி அனுப்புவானோ, இது வெறும் மூளையில்லாத மொக்கன் எண்டு."

"பிறகு?"

"கனநேரம் யோசிச்சிட்டு, ஓம், மொக்கன்தான் எண்டு ஒத்துக்கொண்டிட்டார்."

அந்தத் தகுதியில்தான் எனக்குக் கலியாணம் நடந்தது. இன்றைக்கும் மாமா வீடியோவில் அழைத்தால் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டுதான் கதையைத் தொடங்குவார். "அங்கை எல்லாரும் உடுப்போடைதானே நிக்கிறியள்?" என்பார். "ஓம் அம்மப்பா, அப்பாவும் போட்டிருக்கிறார்," என்று என் மகள் சொன்ன பிறகுதான் கண்ணைத் திறப்பார்.