பாலிசி அண்ணாச்சியின் அவசரப் பொதுக்குழு

பாலிசி அண்ணாச்சியைப் போல ஒரு முதலாளி தச்சநல்லூரில் இதற்கு முன் பிறந்ததில்லை. இன்னொருவர் பிறந்தால் ஊர் தாங்காது. பெயரைக் கேட்டதும் இன்சூரன்ஸ்காரர் என்று பயந்து தெரு மாறிப் போனவர்கள் உண்டு. ஆனால் அவர் வைத்திருந்தது பந்தல், பாத்திர வாடகைக் கடை. கணக்கெழுத நான், சுமை தூக்க இசக்கி. கம்பெனி அவ்வளவுதான்.

கோட்டுப் போட்ட யாரோ யூடியூபில் பேசியதைக் கேட்டுவிட்டு ஒருநாள் எங்களை எதிரே உட்கார வைத்தார்.

"கம்பெனின்னா தொலைநோக்கு வேணும்வே. இருவது வருசத்துல நம்ம நாக்காலியில உக்காராத மனுசன் தமிழ்நாட்டுல இருக்கப்பிடாது."

"நம்மகிட்ட நூறு நாக்காலிதான அண்ணாச்சி கெடக்கு?" என்றான் இசக்கி.

"மாத்தி மாத்தி உக்காரட்டும்லே!"

அப்புறம் ‘பாலிசி’ என்று அவர் சொல்லும் விதிகள் பிறந்தன. சாம்பார் அண்டாவில் பாயசம் வைக்கக் கூடாது. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு ஓடினாலும் வாடகை உண்டு. ஞாயிறு ஆராதனை நாள், ஒரு கரண்டிகூட வெளியே போகாது. எந்த விதியை மாற்றுவதானாலும் பொதுக்குழு கூடி எல்லோரும் கை தூக்க வேண்டும். சொந்த மச்சினன் வீட்டு நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிறில் வந்தது. சம்பந்தி வீட்டார் தரையில்தான் உட்கார்ந்தார்கள். மச்சினன் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

ஒரு ஞாயிறு காலை அவரும் நானும் சர்ச்சுக்குக் கிளம்புகையில் வாசலில் இசக்கி நின்றான். விடியற்காலையில் அவன் அப்பா இறந்துவிட்டார். வீட்டு முன்னால் ஒரு மர நிழல்கூடக் கிடையாது. சித்திரை வெயிலில் சனம் நிற்கிறது. விதி தெரிந்தவன், பந்தல் கேட்க வாய் வராமல் விம்மினான்.

"விதியை நான் ஒத்தையா மீற முடியாதுலே" என்றார் அண்ணாச்சி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதனால இங்கனயே அவசரப் பொதுக்குழு கூட்டுதேன். துட்டி வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை கெடையாது. கையத் தூக்குங்க."

நான் தூக்கினேன். இசக்கியும் அழுதுகொண்டே தூக்கினான்.

"நெறவேறிட்டு. நீ அப்பாகிட்ட போய் இருலே. சொமைய நாங்க பாத்துக்கிடுதோம்."

இஸ்திரி போட்ட சட்டையோடு அவரே கம்பும் தகரமும் நாற்காலியும் லோடு ஆட்டோவில் ஏற்றினார். பந்தல் போட்டோம். நாற்காலியெல்லாம் நிறைந்தது. வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்தவர், அடக்கம் முடியும்வரை ஓரமாக நின்றுகொண்டே இருந்தார்.

"இப்ப ஒரு நாக்காலி காலியாயிட்டு, உக்காருங்க அண்ணாச்சி" என்றேன்.

"கம்பெனி ஆளு நிக்கணும்வே" என்றார்.

அப்படி ஒரு விதியை எந்தப் பொதுக்குழுவும் போடவில்லை. கூடியிருந்தால், அவரை உட்கார வைக்க நான் இரண்டு கையையும் தூக்கியிருப்பேன்.