மேல்தாள் மாறிய டெண்டர்

வடக்கு டகோட்டா
ஜூலை 3

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா டார்லிஸுக்கு,

தம்பி வெண்டல் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். கிளட்ச் நீங்கலாக என் பிக்கப் வண்டியும் நலம். அங்கே அரிசோனாவில் நீயும், வெர்ன் அத்தானும், அத்தானுக்குப் புதிதாக வைத்த இடுப்பு மூட்டும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி மே மாதம் பத்தாம் தேதி போனது. கொசு பதினொன்றாம் தேதி வந்தது.

நம் ஊர்ப் பத்திரிகையில் என் படத்தைப் போட்டு, அடியில் 'சிறார் நல்வழி ஆலோசகர்' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்துவிட்டு நீ போன் செய்தாய். "நீயாடா? நீயா புத்தி சொல்றே?" என்று பத்து நிமிடம் சிரித்தாய். பிறகு மூச்சு வாங்குகிறது என்று வைத்துவிட்டாய். நான் பதில் சொல்ல இடம் கிடைக்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருஷம் கவுண்டி நிர்வாகத்துக்காக ரோடு சமன் செய்யும் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். மார்ச் மாதம் கவுண்டி அலுவலகம் ஒரே நாளில் இரண்டு டெண்டர் விட்டது. ஒன்று, நெடுஞ்சாலையில் அடிபட்டுச் செத்துக் கிடக்கும் மான் முதலானவற்றை அப்புறப்படுத்துவது. இன்னொன்று, சின்னக் குற்றம் செய்து பிடிபட்ட பிள்ளைகளை வழக்கு, விசாரணை என்று இழுக்காமல், ஊருக்கு உபயோகமாக நாற்பது மணி நேரம் வேலை வாங்கி, நாலு நல்ல வார்த்தை சொல்லி, குற்றப் பதிவு இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவது. நான் மானுக்குப் போட்டேன். பள்ளியில் இருபது வருஷம் மாணவர்களின் மனக்குறை கேட்டுவந்த லொரெட்டா ஃபிங்க் அம்மாள் பிள்ளைகளுக்குப் போட்டார். அலுவலகத்தில் யாரோ எங்கள் இரண்டு டெண்டரின் மேல்தாள்களையும் கழற்றி, திரும்பப் பின் அடிக்கும்போது மாற்றி அடித்துவிட்டார்கள். கமிஷனர்கள் ஐந்து பேரும் கடைசிப் பக்கத்தில் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குப் பிள்ளைகள் கிடைத்தன. அந்த அம்மாளுக்கு மான் கிடைத்தது.

நேரில் போய்ச் சொன்னேன். "தீர்மானம் போட்டாச்சு வெண்டல். ஜூன் முப்பது வரைக்கும் மாத்த முடியாது" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "எனக்குப் பிள்ளைங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாதேம்மா" என்றேன். "இதுக்கு முன்னாடி எடுத்தவருக்கும் தெரியாது" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். பதினைந்து வயது பிரென்னா, ஊரில் தானியம் சேமிக்கும் கோபுரத்தில் முப்பதடி உயரத்தில் ஒரு பசுவை வரைந்து, அதற்குப் பள்ளி முதல்வரின் முகத்தை வைத்தவள். (நானும் போய்ப் பார்த்தேன். நல்ல சாயல்.) பதினாலு வயது டஸ்டி, கோல்ஃப் மைதானத்து பேட்டரி வண்டியைத் திருடிப் பக்கத்து ஊர் வரை ஓட்டிக்கொண்டு போய், பெட்ரோல் பங்கில் நின்ற போலீஸ்காரரிடமே "இதுக்கு எங்க சார் சார்ஜ் போடறது?" என்று கேட்டவன். என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே கூப்பிட்டு, டி.வி.யில் கோதுமை விலை நிலவரம் போட்டேன். மூவரும் ஒரு மணி நேரம் பார்த்தோம்.

"பெருசு, இதான் தண்டனையா?" என்றாள் பிரென்னா.

"எனக்கும் யாரும் சொல்லலை" என்றேன்.

"ஜெயிலே தேவலாம்" என்றான் டஸ்டி.

அந்தச் சமயத்தில்தான் லொரெட்டா அம்மாள் போன் செய்தார். "வெண்டல், பதினேழாவது மைல்ல நிக்கிறேன். இது ரொம்பப் பெரிசா இருக்குங்க. என் கார் டிக்கி சின்னது. கொஞ்சம் வாங்களேன்." பிள்ளைகளைத் தனியே விடக்கூடாது என்று மேல்தாளில் இருந்ததால் அவர்களையும் ஏற்றிக்கொண்டு போனேன். டஸ்டி மானைப் பார்த்தான். அந்த அம்மாளின் காலணி மேல் வாந்தி எடுத்தான். அவர் அவன் முதுகைத் தடவிக்கொண்டே, "பரவாயில்லப்பா, காலையில எனக்கும் இப்படித்தான்" என்றார். அன்றைக்கே ஓர் ஏற்பாட்டுக்கு வந்துவிட்டோம். மானை நான் தூக்குவது, பிள்ளைகள் கை கொடுப்பது, போகும் வழியில் முன்சீட்டில் உட்கார்ந்து அவர் பேசுவது. வேலை நடந்தது. அவர் எழுதும் படிவங்கள்தான் கொஞ்சம் நீளம். ஒரு பெட்டை மானுக்கு, 'வயது சுமார் இரண்டு. அவசரப்பட்டுவிட்டது. குடும்பத்தாரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று எழுதி கவுண்டிக்கு அனுப்பினார். அதையும் யாரும் படிக்கவில்லை.

மூன்று வாரம் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. நாலாம் வாரம் ஒரு வளைக்கரடியை மண்வெட்டியால் அள்ளும்போது, யாரும் கேட்காமலே பிரென்னா சொன்னாள்: "எங்கம்மா ஸ்கூல் மீட்டிங்குக்கு வேலையிலேர்ந்து நேரா வந்துச்சு. அந்த பிரின்சிபால் எல்லார் முன்னாடியும், 'பால் பண்ணை வாசனை வருது, கொஞ்சம் ஜன்னலைத் தொறங்க'ன்னான். அதான் பசு." லொரெட்டா அம்மாள் பேனாவைப் பையில் போட்டார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "முப்பதடி மேல கயிறு எப்படிக் கட்டினே?" என்று கேட்டேன். சாலையோரம் உட்கார்ந்து கட்டிக் காட்டினாள். சரியான முடிச்சு.

ஜூன் ஒன்பதாம் தேதி சாலையில் கிடந்த ஒரு ஸ்கங்க்கை எடுத்தோம். அது செத்திருக்கவில்லை. வாலைத் தூக்கி, தன் நாற்ற நீரைப் பீய்ச்சி எங்கள் நாலு பேரையும் ஒருமுறை நனைத்துவிட்டுப் புல்லுக்குள் நடந்து போய்விட்டது. அன்றைக்கு நேரக் கணக்குத் தாளில் முத்திரை வாங்கக் கடைசி நாள். அப்படியே கோர்ட் கட்டடத்துக்குள் போனோம். மூன்று மாடியும் காலியாகிவிட்டது. ஒரு விவாகரத்து வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. கணவனும் மனைவியும் ஒரே காரில் ஏறி ஓடினார்களாம்.

இந்தக் களேபரத்தால் மறு வாரமே விசாரணை. பிள்ளைகளைச் செத்த மிருகம் அள்ள வைத்தது ஒப்பந்தத்துக்கு விரோதம், ஆகவே அவர்கள் செய்த முப்பத்தாறு மணி நேரமும் செல்லாது என்றார் அரசு வக்கீல். செல்லாவிட்டால் இரண்டு பேர் மேலும் வழக்கு உயிர் பெறும். பிரென்னாவுக்கு இது இரண்டாவது தடவை என்பதால் இருநூறு மைல் தள்ளி நகரத்துச் சிறார் சீர்திருத்த விடுதி. அவள் அம்மா பண்ணை உடுப்போடு கடைசி வரிசையில், ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிரென்னா என் பக்கம் குனிந்து, "பெருசு, என்னை அனுப்பிடுவாங்களா?" என்றாள். பெருசு என்று வழக்கம்போல்தான் சொன்னாள். குரல் வழக்கம்போல் இல்லை. தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

நீதிபதி ஹாக்லண்ட், "ஒப்பந்தத்துல என்னதான் இருக்கு, பார்ப்போம்" என்று கோப்பை வரவழைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'தகவல் வந்த அன்றே சொந்த வண்டியில் அள்ளி வரப்படும். தார்ப்பாய் போட்டு மூடப்படும். பொதுமக்கள் கண்ணில் படாதபடி ஊருக்கு வெளியே மூன்றடி ஆழத்தில் புதைத்து, நாற்றம் வராதிருக்கச் சுண்ணாம்பு தூவப்படும். பெரியது, சிறியது எல்லாவற்றுக்கும் ஒரே விலை.'"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி கமிஷனர்களைப் பார்த்தார். "இதுல கையெழுத்துப் போட்டிருக்கிற அஞ்சு பேர்ல யாராவது இதைப் படிச்சீங்களா?" அஞ்சு பேரும் தரையைப் பார்த்தார்கள். "வக்கீல் சார், ஒப்பந்தப்படிதான் நடக்கணும்னா இந்தப் பொண்ணை நான் புதைக்கச் சொல்லணும். வெண்டல் அதைவிடக் கொஞ்சம் நல்லாவே நடந்துக்கிட்டிருக்காரு. மணி நேரம் எல்லாம் செல்லும்."

பிரென்னாவின் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். வாசனை ஒன்றும் வரவில்லை. வந்திருந்தாலும், எங்கள் மேல் இன்னும் போகாதிருந்த ஸ்கங்க் நாற்றத்துக்கு முன் தெரிந்திருக்காது. மிச்சமிருந்த நாலு மணி நேரத்தை இரண்டு பேரும் ஒரே காலையில் முடித்தார்கள். பத்திரிகைக்காரன் படம் எடுத்தது அப்போதுதான். டஸ்டி என் வண்டிச் சாவியைக் கையில் வைத்திருப்பதைப் படத்தில் நீ கவனித்திருக்கலாம். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஜூன் முப்பதோடு ஒப்பந்தம் முடிந்தது. அடுத்தது யாருக்கு என்று தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு ஆசையும் இல்லை. இந்த வயதில் இது என் வேலை இல்லை. காலையில் ஒன்பது மணி வரை தூங்குகிறேன். ஆகஸ்டில் அங்கே வந்து அத்தானோடு நிழலில் உட்காரலாம் என்றிருக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். உங்கள் இருவருக்கும் ஆண்டவன் துணையும் நல்ல குளிர்சாதனமும் என்றும் குறையாதிருக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
வெண்டல் ருட்

பின்குறிப்பு (ஜூலை 6): இதைத் தபாலில் போடுவதற்குள் புது டெண்டரைத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் எனக்கு, மான் லொரெட்டாவுக்கு. இந்தத் தடவை கமிஷனர்கள் எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டு, தவறு நடந்திருக்கிறதா என்று எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். இல்லை, தெரிந்தேதான் போட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம். ஆகஸ்டில் நான் வருவதற்கில்லை. திங்கட்கிழமை நாலு பேர் வருகிறார்கள்.